பெரிய டிரம்முக்கு முட்டு

“அண்ணி, டிரம் ஓடுது!”

ஓடத்தான் செய்தது. காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு விரற்கடை முன்னால் போனது. அவள் அதைப் பிடிக்க ஸ்டூலோடு நகர்ந்தாள். டிரம் இன்னும் கொஞ்சம் போனது. அவளும் போனாள். பாட்டின் முதல் நான்கு வரி முடிவதற்குள் சிம்பல் தட்டுகளின் ஸ்டாண்டுகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் தங்கிவிட்டன. எட்டி அடித்தால் குச்சிக்குக் கிடைத்தது காற்றுதான்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க.” கீபோர்டின் பின்னாலிருந்து கொழுந்தன் கையைத் தூக்கினான். குழுவுக்கு அவன்தான் தலைவன். “டிரம்ஸ் கொண்டுவந்தீங்களா, தள்ளுவண்டி கொண்டுவந்தீங்களா?”

“மேட் போடாம இந்தத் தரையில வச்சா இப்படித்தான்.”

“மேட் எங்க?”

அவள், மேடைப் படியில் கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவந்த கணவரைப் பார்த்தாள். அவர் ஏறிய படியில் ஒன்று இறங்கிக்கொண்டார்.

மேட் வீட்டுப் பால்கனிக் கம்பியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. முரட்டுக் கம்பளத் துண்டு. ஆள் படுத்து உருளுகிற அகலம். அதை விரித்து அதன்மேல் டிரம்ஸை நிறுத்தினால் ஒவ்வொரு காலும் கடித்துக்கொண்டு நிற்கும். அதைவிட முக்கியம், அதில் ஒட்டியிருந்த டேப்புகள். பெரிய டிரம்முக்குச் சிவப்பு, ஸ்டூலுக்கு வெள்ளை, சிம்பல்களுக்கு மஞ்சள், காலால் மூடித் திறக்கிற ஜோடித் தட்டான ஹை-ஹேட்டுக்கு நீலம். எந்தக் கால் எங்கே நிற்கவேண்டும் என்று பதினோரு வருடமாக அங்குலம் அங்குலமாகத் திருத்தி ஒட்டியவை. அந்தப் படம் இருந்தால் முன்பின் தெரியாத ஹாலிலும் பதினான்கு நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடுவாள்.

சனிக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்தபோது கணவர் அதைத் துவைத்துவிட்டார்.

துவைப்பது அவருக்கு ஒரு வியாதி. டைல்ஸ் கிடங்கில் வேலை, தொண்ணூற்றெட்டு கிலோ எடை, சாது. லீவு நாளில் சும்மா இருக்கக் கை வராது. குடையைத் துவைத்திருக்கிறார். வேன் சீட் உறையைத் துவைத்து, சீட்டையும் துவைத்து, ஒரு வாரம் எல்லோரையும் பிளாஸ்டிக் பைமேல் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறார்.

“அழுக்கா இருந்துச்சும்மா,” என்றார் இப்போது. “பார்த்தா சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்.”

“டேப்பெல்லாம்?”

“கத்தி வச்சுச் சுரண்டினேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஒண்ணுகூட விடல.” சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“அண்ணன் அடுத்து என்னைத்தான் ஊறவைப்பான்,” என்றான் கொழுந்தன்.

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவளுக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். இன்று காலையில் எழுந்ததிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

பயத்துக்குக் காரணம் மேடையின் இடது பக்கக் கதவுக்கு மேலே சுவரில் இருந்தது. சோப்பு டப்பாவைப்போல் ஒரு பெட்டி. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு. ஹாலுக்கு அடுத்தாற்போல் குடியிருப்பவர்கள் புகார் கொடுத்துக் கொடுத்து வைக்கச் செய்த பெட்டி. ஹாலில் சத்தம் அளவாக இருந்தால் பச்சை. ஏறினால் மஞ்சள். அளவு மீறினால் சிவப்பு. சிவப்பு விடாமல் ஐந்து வினாடி எரிந்தால் மேடைக்கு வரும் கரண்ட்டைப் பெட்டியே துண்டித்துவிடும். பிறகு மேனேஜர் வந்து சாவி போட்டுத் திருப்பினால்தான் உயிர் வரும்.

போன மாதம் இதே ஹாலில் மூன்று முறை போனது. மூன்று முறையும் அவளால்தான். மூன்றாவது முறை, குழுவில் பாடுகிற கணக்கு டீச்சர் உச்சத்தில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டிருந்தாள்.

“வாயைத் திறந்தபடி நின்னேன், மீன் மாதிரி,” என்று டீச்சர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கொழுந்தன் போன வாரம் ஒரு மெஷின் வாங்கினான். தடிப் புத்தகம் அளவு. அதில் இருநூறு தாளம் இருக்கிறது. இப்போது அது அவன் காரின் டிக்கியில் இருந்தது.

“அதுல ஒரு குமிழ் இருக்கு அண்ணி,” என்றான் வாங்கிய அன்று. “திருப்பினா சத்தம் குறையும். உங்ககிட்ட குமிழ் எங்க இருக்குன்னு அண்ணனுக்கே இன்னும் தெரியல.”

“அப்ப நான்?”

“ஞாயித்துக்கிழமை பார்ப்போம். ஒரு தடவை கரண்ட் போச்சுன்னா, அதுக்கப்புறம் மெஷின். போகலன்னா நீங்க. சரியா?”

“சரி.”

சட்டென்று சொல்லிவிட்டாள். பிறகு ஆறு நாள் தூங்கவில்லை.

*

அவளுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டிலிருந்து திரைச்சீலைக் கடையில் வேலை. அளவு எடுப்பது, வெட்டுவது, மடிப்பு வைப்பது, போய் மாட்டிக் கொடுப்பது. பதினோரு வருடத்துக்கு முன்னால், கார் பட்டறைக்கு மேல்மாடியில் கொழுந்தனின் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் வெளியே போகிறது என்று பட்டறைக்காரர் கத்தினார். கனமான திரைச்சீலை நாலு பக்கமும் மாட்டவேண்டும் என்று கொழுந்தன் அண்ணியைக் கூப்பிட்டான். மாட்டினாள். மாட்டியது வேலை செய்கிறதா என்று பார்க்க யாராவது ஏதாவது அடிக்கவேண்டும். டிரம்மர் வரவில்லை, அவன் எப்போதும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவான். அவளே உட்கார்ந்து ஒரு தட்டு தட்டினாள். இன்னொன்று தட்டினாள். டிரம்மர் வந்து, எதிரில் நின்று, தொண்டையைக் கனைத்து, கீழே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. டிரம்ஸை அவளிடம் விட்டுவிட்டுப் போனான்.

துணி வெட்டிய கை என்பதால் அவளுக்குச் சத்தமும் துணியாகத்தான் புரிந்தது. எந்த ஹாலுக்குள் நுழைந்தாலும் முதலில் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுவாள். காதைச் சாய்த்துக் கேட்பாள். இன்று கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“இந்த ரூம் அம்மணமா இருக்கு.”

பாலிஷ் போட்ட தரை, கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர். தட்டிய கை திரும்பி வந்து முகத்தில் அடித்தது. ஆகவே கடையிலிருந்து கொண்டுவந்த நான்கு பழைய திரைகளை மேடைக்குப் பின்னால் கொடி கட்டித் தொங்கவிட்டாள். மறுபடி தட்டினாள். கொஞ்சம் தணிந்திருந்தது. டிரம்ஸை மாட்டியதும் உடனே சுருதி கூட்டவில்லை. அப்படியே அரை மணி நேரம் சும்மா விட்டாள். வேனின் சூட்டில் வந்த தோல் ஹாலின் குளிருக்கு வந்தால் ஒரு குரல் மாறும். அது தன் பாட்டுக்கு மாறி முடிக்கட்டும் என்று விட்டுவிடவேண்டும். பிறகுதான் சாவி. தோலை இறுக்குகிற அந்தச் சாவி சங்கிலியில் கோர்த்து எப்போதும் அவள் கழுத்தில் கிடக்கும். கடையில் தையல் மெஷின் திருகாணிகூட அதற்கு அசையும்.

அவள் பையில் எதுவும் ஒன்றாக இருக்காது. இரண்டு பெடல் வார், ஸ்நேர் என்கிற சின்ன டிரம்முக்கு இரண்டு தோல், ஹை-ஹேட்டின் மேல்தட்டைப் பிடிக்கிற கொண்டி இரண்டு. முதல் வருடம் அந்தக் கொண்டியை மறந்துவிட்டுப் போய், மாலை முழுவதும் தட்டைத் தலைமுடி கிளிப்பால் கவ்வவைத்து வாசித்தாள். அன்றிலிருந்து எல்லாம் இரண்டு.

மேட் மட்டும்தான் ஒன்று.

“டேப் போட்டு ஒட்டிடட்டுமா?” என்று ஹால் மேனேஜரைக் கேட்டாள்.

“பாலிஷ் போட்டு நாலு நாள்தான் ஆச்சு.” மேனேஜர் தரையைப் பெற்ற பிள்ளையைப்போல் பார்த்தார். “டேப் கூடாது. ஆணி கூடாது. கூரா எதுவும் தரையில படக்கூடாது.”

பெரிய டிரம்மின் கால் நுனிகளில் ஆணிபோல் கூர் இருக்கும். ரப்பரைத் திருகினால் வெளியே வந்து தரையைக் கவ்வும். அவள் ரப்பரைத் தொட்டிருந்த விரலை எடுத்துக்கொண்டாள்.

கித்தார் வாசிக்கிறவன் தன் இடுப்பு பெல்ட்டை அவிழ்த்துக் கொடுத்தான். அவன் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. ஆகையால் குழுவில் அவன் பெயர் ரேடியோ. பெல்ட்டோடு இன்னும் இரண்டு பட்டையைச் சேர்த்து, டிரம்மை அவளுடைய ஸ்டூல் காலோடு இழுத்துக் கட்டினாள். இது தெரிந்த வழிதான். தன் எடையே டிரம்மைப் பிடித்து நிறுத்தும்.

அவள் எடை நாற்பத்தாறு கிலோ. அடித்ததும் டிரம் போனது. ஸ்டூலும் போனது. ஸ்டூல்மேல் அவளும் போனாள்.

“இப்ப ரெண்டும் சேர்ந்து போகுது,” என்றாள் டீச்சர்.

“டிக்கெட் எடுத்தீங்களா அண்ணி?”

ரேடியோ ஒரு கையால் கித்தாரையும் மறு கையால் பேண்ட்டையும் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் குலுங்கிச் சிரித்தான்.

அவள் சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள். அங்கே இன்னொரு தொல்லை. ஸ்நேர்மேல் பாதி மடித்த துண்டு போட்டாயிற்று. சிம்பல்களுக்கு அடியில் டேப் ஒட்டியாயிற்று. கனத்த குச்சிக்குப் பதில், மெல்லிய ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டின குச்சி எடுத்தாயிற்று. பெரிய டிரம்முக்குள் ஒரு தலையணை வைத்தாயிற்று. அப்படியும் பெரிய டிரம்மை மிதித்தால் மஞ்சள். கொஞ்சம் அழுத்தி மிதித்தால் சிவப்பு கண்ணடித்தது.

கணவர் டிரம்மின் பக்கவாட்டில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். முன் தோலில் ஒரு ஓட்டை உண்டு.

“இது என் தலகாணி.”

“ஆமா.”

“மூணு வாரமாத் தேடுறேன்!”

“துவைக்கிறேன்னு எங்கயாவது போட்டிருப்பீங்கன்னு சொன்னேனே.”

அவருக்குக் கோபப்பட உரிமை இருந்தது. அன்று மட்டும் இல்லை. மேட்டை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. டிரம்மின் முன்னால் போய், கூட்டம் உட்காரும் பக்கம் பார்த்து, கால் நீட்டித் தரையில் உட்கார்ந்தார். முதுகை டிரம்மின் முன் தோலில் சாய்த்தார்.

“இப்ப அடி.”

அடித்தாள். டிரம் அசையவில்லை. தொண்ணூற்றெட்டு கிலோ.

டீச்சர்தான் முதலில் கவனித்தாள். “மேல பாருங்க! மேல பாருங்க!”

விளக்கு பச்சையில் இருந்தது. இன்னும் அழுத்தி மிதித்தாள். பச்சை. அவருடைய முதுகு முன் தோல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. சத்தம் ‘டங்’கென்று கிளம்பி, அவருக்குள் போய், ‘தொப்’பென்று வெளியே வந்தது. பதினோரு வருடமாகத் தலையணை, போர்வை, ஸ்பஞ்சு என்று என்னென்னவோ வைத்துப் பார்த்தவளுக்கு இந்தச் சத்தம் கிடைத்ததில்லை. வட்டமான, கொழுத்த, நல்ல சத்தம்.

“வலிக்குதா?”

“இல்ல. முதுகு பிடிச்சுவிடுற மாதிரி இருக்கு.”

“மூணு மணி நேரம் உட்காரணும்.”

“சாப்பாடு?”

“இங்கயே தர்றேன்.”

கொழுந்தன் கீபோர்டில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தன் அண்ணனைப் பார்த்தான். “அண்ணி, இது மோசடி.”

“எதுல எழுதியிருக்கு? டிரம்முக்குள்ள தலகாணி வைக்கலாம்னா வெளிய புருஷன் வைக்கக் கூடாதா?”

*

இரண்டு மணிக்கு நர்ஸுகள் வந்தார்கள். ஐம்பது பேர். ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸுக்கு ஓய்வு பெறும் விழா. முப்பத்துநாலு வருட சர்வீஸ். குள்ளமான, வெள்ளைத்தலை அம்மாள். வார்டில் யாராவது சிரித்தாலே உதட்டில் விரல் வைப்பார் என்று பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு ‘உஷ் அக்கா’ என்று பெயராம். முப்பத்துநாலு வருடமாக அது தனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது தனக்குத் தெரியும் என்று அவர் பதிலுக்குப் பேசினார். கூட்டம் கத்தியதில் விளக்கு மஞ்சளுக்குப் போய் வந்தது.

வாசிக்க ஆரம்பித்தார்கள். அவள் எதிர்பார்த்ததுதான் நடந்தது. ஐம்பது பேர் என்றால் ஐம்பது திரை மாட்டியதுபோல. உடம்பும் உடுப்பும் சத்தத்தைக் குடிக்கும். காலியான ஹாலில் முகத்தில் அடித்த சத்தம் இப்போது எங்கேயோ போய்ப் படுத்துக்கொண்டது. பச்சை. இரண்டாவது பாட்டும் பச்சை. மூன்றாவதில் நர்ஸுகள் ஆட எழுந்தார்கள், மஞ்சள் வந்தது, குச்சியைச் சிம்பல் விளிம்பிலிருந்து நடுவுக்கு நகர்த்தினாள், பச்சை. அவளுக்குத் தலை லேசானது. பெட்டியோடு கண்ணாமூச்சி ஆடுவதைப்போல் இருந்தது. நாலாவது பாட்டில் மஞ்சளை வேண்டுமென்றே கூப்பிட்டு, கூப்பிட்டு, திருப்பி அனுப்பினாள்.

“வம்பு பண்ணாதீங்க அண்ணி!”

“குமிழ் இருக்கு தம்பி, குமிழ் இருக்கு!”

இடைவேளையில் தலைமை நர்ஸ் மேடையருகே வந்தார். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீங்க என்ன வாசிக்கிறீங்க?”

“உட்கார்றேன்.”

“எத்தனை வருஷமா?”

“இன்னைக்குத்தான் முதல்.”

“நல்லா உட்கார்றீங்க,” என்றார் அந்த அம்மாள். “எங்க வார்டுல சொன்னாகூட யாரும் இப்படி உட்கார மாட்டாங்க. முதுகுல மட்டும் ஏதாவது வச்சுக்குங்க.”

கணவர் நெளிந்துகொண்டு காலை மடக்கி உட்கார்ந்தார். அதன்பிறகு நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார். அவள் பின்னாலிருந்து, டிரம்மின் விளிம்புக்கு மேலே தெரிந்த அவருடைய தலையைப் பார்த்தாள். உச்சியில் முடி வட்டமாகக் கொட்டியிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் வாசித்து அவர் ஒரு நிகழ்ச்சியும் உட்கார்ந்து கேட்டதில்லை. வேனில் இறக்கிவிட்டுப் போவார், ஏற்றிக்கொள்ள வருவார். இப்போது முதல் வரிசைக்கும் முன்னால், தோலோடு தோலாக.

நாலே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு. வேகமான பாட்டு. கணவரின் தலை தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதை நர்ஸுகள் பார்த்துவிட்டார்கள்.

“சார் ஆடுறார்! சார், வாங்க!”

“இல்லம்மா, நான் எழுந்திருக்கக் கூடாது...”

நான்கு பேர் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தினமும் நோயாளிகளைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்கிறவர்கள். தொண்ணூற்றெட்டு கிலோ அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, அக்குளில் கை கொடுத்து, ஒரே தூக்கு. மேடையிலிருந்து அவர் இறங்கிப்போவதை அவள் குச்சிகளுக்கு நடுவே பார்த்தாள். திரும்பி அவளைப் பார்த்து அவர் உதட்டை அசைத்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

டிரம் உடனே கிளம்பியது. மஞ்சள்.

அவள் காலை இறகாக்கினாள். பெடலை மிதிக்காமல் தொட்டாள். இடது காலை ஹை-ஹேட்டிலிருந்து எடுத்து டிரம்மின் வளையத்தில் கொக்கிபோல் மாட்டி இழுத்துப் பிடித்தாள். கையில் தாளம், காலில் கயிறிழுப்பு. மஞ்சள், மஞ்சள், ஒரு நொடி சிவப்பு, மஞ்சள். இன்னும் ஒரு சரணம். ஒரே ஒரு சரணம். கொழுந்தன் பெட்டியையே பார்த்துக்கொண்டு வாசித்தான். ஜெயிக்கவேண்டும் என்று பார்க்கிறானா, தோற்கவேண்டும் என்று பார்க்கிறானா, முகத்தில் தெரியவில்லை.

கீழே கூட்டத்தின் நடுவில் கணவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றித் தலைமை நர்ஸ் ஒரு சுற்று வந்தார். வந்து நின்று, இரண்டு விரலை வாயில் வைத்தார்.

உஷ் சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

விசில் அடித்தார்.

முப்பத்துநாலு வருடம் அடக்கிவைத்திருந்த விசில். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு நொடி ஹாலே திகைத்தது. பிறகு ஐம்பது நர்ஸுகளும் ஒரே குரலில் கத்தினார்கள். சிவப்பு. அந்த அம்மாள் மூச்சை இழுத்து மறுபடி அடித்தார். சிவப்பு. கூட்டம் தரையை உதைத்தது. டீச்சர் பாட்டை விட்டுவிட்டு மைக்கில் எண்ணத் தொடங்கினாள். மூன்று, நான்கு,

டீச்சரின் குரல் நின்றது. கீபோர்டு நின்றது. கித்தார் நின்றது. மேடை விளக்கு அணைந்தது. ஜன்னல் வழியாக மாலை வெயில் மட்டும் வந்தது.

டிரம்ஸ் நிற்கவில்லை. அதை நிறுத்தப் பெட்டிக்கு வழி இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. எரியட்டும். இனி வெட்டுவதற்கு அதனிடம் எதுவும் இல்லை.

துண்டை ஸ்நேரிலிருந்து உருவி எறிந்தாள். ஈர்க்குக் குச்சிகளைப் பின்னால் வீசினாள். பையிலிருந்து கனத்த குச்சி எடுத்தாள். காலை வளையத்திலிருந்து விடுவித்து, ஆறு நாள் தூங்காத காலால் பெடலை மிதித்தாள். போன வேலைக்கு இனி என்ன பயம்? டிரம் ஒரு குதி குதித்து முன்னால் போனது. ஸ்டூல் போனது. அவள் சிரித்துக்கொண்டே போனாள். மேடையின் விளிம்புக்கு இரண்டு அடி. ஒரு அடி.

“பிடிங்க! பிடிங்க!”

கணவர் ஓடிவந்து மேடையில் ஏறி முதுகைக் கொடுத்தார். அவர் பக்கத்தில் ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்தாள். இன்னொருத்தி. தலைமை நர்ஸும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான்கு முதுகு. அதற்குமேல் டிரம் அசையவில்லை. மீதிப்பேர் கை தட்டினார்கள். டீச்சர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பில் கத்துகிற குரலில் பாட ஆரம்பித்தாள். ரேடியோ, கரண்ட் இல்லாத கித்தாரைத் தட்டியபடி ஏதோ சொன்னான். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வாயைத் திறந்தான் என்பதற்கு மட்டும் சாட்சி உண்டு.

சாவி மேனேஜரிடம் இருந்தது. மேனேஜர் காரை இடம் மாற்றிவைக்கத் தெருவுக்குப் போயிருந்தார். வர ஒன்பது நிமிடம் ஆனது. ஒன்பது நிமிடமும் அவள் வாசித்தாள். கொழுந்தன் முதலில் செத்த கீபோர்டின் முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்றான். பிறகு அதன்மேல் முழங்கையை ஊன்றினான். பிறகு கை தட்டினான். மேனேஜர் மூச்சிரைக்க வந்து சாவியைத் திருப்பியபோது, அவன் முழங்கை பட்டு கீபோர்டு ‘ப்யாங்’ என்று அலறியது. அந்த அலறலோடு நிகழ்ச்சி முடிந்தது.

*

சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது கொழுந்தன் வந்தான். அவள் சிம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, கரண்ட் போச்சு.”

“போச்சு.”

“பேச்சு பேச்சுதான்.”

“நான் ஒண்ணும் சொல்லலியே.” அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. கை மட்டும் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“விசிலை யாரு அடிச்சான்னு நான் கேட்கப்போறதில்ல. கரண்ட் போனா மெஷின்னு சொன்னேன்.”

“ஆமா.”

“கரண்ட் இல்லாதப்ப நடுவுல கார்கிட்ட போய் டிக்கியத் திறந்து பார்த்தேன். நீங்க அடிச்சுக்கிட்டிருக்கும்போதே போனேன், நீங்க பார்க்கல.”

“எதுக்கு?”

“மெஷினுக்கு பேட்டரி இருக்கான்னு.”

அவள் நிமிர்ந்தாள்.

“இல்ல,” என்றான் கொழுந்தன். ஒரு சிம்பல் ஸ்டாண்டை எடுத்து மடக்கிப் பையில் வைத்தான். பதினோரு வருடத்தில் அவன் அவளுடைய சாமானைத் தொட்டு மடக்கியது அதுதான் முதல் தடவை, தப்பாக மடக்கினான். “அடுத்த ஞாயிறு பன்னெண்டு மணிக்கு வந்துடுங்க. மேட் கொண்டுவாங்க. அண்ணனை ஒரு வாரம் தண்ணிக்குழாய் பக்கம் விடாதீங்க.”

வேனில் போகும்போது கணவர் சீட்டில் முதுகைச் சாய்க்காமல் ஓட்டினார்.

“அப்ப திரும்பிப் பார்த்து என்ன சொன்னீங்க? அவங்க இழுத்துட்டுப் போகும்போது?”

“தலகாணியாவது உள்ள இருக்கே, சமாளிச்சுக்கன்னு சொன்னேன்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு சிக்னல் வரை சிரித்தாள். மூன்றாவதில் அவரும் சேர்ந்துகொண்டார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

*

மறுநாள் திங்கட்கிழமை. பத்து மணிக்குக் கடை திறந்தாள். பல் ஆஸ்பத்திரிக்கு ஆறு திரை வெட்டினாள். போன வாரம் கொடுத்த ஒரு திரை இரண்டு அங்குலம் குட்டை என்று திரும்பி வந்தது; கீழ் மடிப்பைப் பிரித்து நீட்டிக் கொடுத்தாள். ஹால் மேனேஜர் போன் செய்தார். பாலிஷில் நீளமாக நான்கு கோடு விழுந்திருப்பதாகச் சொன்னார். டிரம்முக்கு முன்னால் உட்காருகிறவரும் அடுத்த ஞாயிறு வருவாரா என்று கேட்டார். கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மெஷின் கொழுந்தனின் கார் டிக்கியிலேயே இருந்தது. கணவர் கிடங்கில் குனிய முடியாமல் மதியமே வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தார். தலையணை இல்லை, அது இன்னும் டிரம்முக்குள் இருந்தது. மேட் மூன்று மணிக்குக் காய்ந்தது. மாலை முன்னறையில் அதை விரித்து, டிரம்ஸை ஒவ்வொன்றாக நிறுத்தி, உட்கார்ந்து பார்த்து, நகர்த்தி, மறுபடி உட்கார்ந்து பார்த்து, காலுக்குக் கால் டேப் ஒட்டினாள். இரண்டு மணி நேரம் ஆனது. சிவப்பு டேப் தீர்ந்துபோயிருந்தது. பெரிய டிரம்முக்கும் நீலத்தையே ஒட்டினாள்.